சாரணியர் என்னும் சொல்



பத்தாம் ஆண்டு விழாவில் சாரணியர் இயக்கம் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். இலக்கிய அவையாதலின் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில், திருவரங்கத்தருகே கவுந்தியடிகளும் கண்ணகியும் கோவலனும் சாரணரைக் காண்கின்றனர். ஓரிடத்தில் தங்காது இயங்கும் சமணத் துறவியர் அவர்கள். ஒற்றரையும் அச்சொல் குறிக்கும். 'ஸ்கவுட்' என்பதற்குத் தமிழ் தேடியோர் இதனையே எடுத்தாண்டனர். அதன் பெண்பாலே சாரணியர். இயங்குதலே இச்சொல்லின் உயிர். அவ்வுரிமை பெண்ணுக்கு எளிதில் வாய்க்கவில்லை.

1909-இல் இலண்டன் படிக மாளிகையில் பேடன் பவல் கூட்டிய சாரணர் பேரணிக்குச் சிறுமியர் சிலர் அழைப்பின்றியே வந்தனர். எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றனர். மறு ஆண்டே அவர் தங்கை ஆக்னஸ் தலைமையில் தனி இயக்கம் தோன்றிற்று. 1912-இல் வெளிவந்த அதன் கையேடு, பேரரசைக் கட்டச் சிறுமியர் உதவும் வகையைத் தலைப்பிலேயே பேசிற்று. இந்தியாவின் முதற்குழு 1911-இல் ஜபல்பூரில் அமைந்தது. இந்தியச் சிறுவர்க்குக் கதவடைத்திருந்த நாளில், 1916-இல் சென்னையில் அன்னி பெசண்ட் அம்மையார் அருண்டேலுடன் தனிச் சாரணர் சங்கம் கண்டார். விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7-இல் பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. 1951 ஆகஸ்டு 15-இல் சாரணியரும் அதில் இணைந்தனர். பேரரசின் பெயரால் பிறந்த பயிற்சி, நம் நாட்டுப் பெண்களின் உடைமையாயிற்று.

அதன் நோக்கம் யாது? முதலுதவி, முடிச்சிடல், திசையறிதல், பாசறை அமைத்தல் ஆகியவை கருவிகளே. சிற்றணிக்குத் தானே தலைவியாகி, முடிவெடுத்து, அதன் விளைவையும் ஏற்கப் பழகுவதே உட்பொருள்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் பெற்றோர் முறைவேலைக்குச் செல்லும் வீடுகளில், தம்பி தங்கையரைக் காப்பவள் மூத்த மகள். பொறுப்பு அவளுக்குப் புதிதன்று, வெளியுலகே புதிது. வயதுக்கு வந்ததும் பாசறைக்கு விடுப்பதில்லை. சீருடை அணிந்தவளையும், விழா வாயிலில் பன்னீர்ச் செம்பு ஏந்தி நிற்கவே பல நேரம் பணிக்கிறோம். திசையறியக் கற்றவள் வாயிலோடு நின்றுவிடுவது முறையா?

கவிஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். பாசறைத் தீயைச் சுற்றிப் பாட, பெண்பிள்ளையின் குரலில் நல்ல தமிழ்ப் பாட்டு வேண்டும். பதினோராம் ஆண்டில் அதனை எழுதித் தாருங்கள். நம் விழாக்களிலும் சாரணியரை வாயிலில் நிறுத்தாமல் மேடையேற்றிப் பேச வையுங்கள்.