ஒப்பந்தத்துக்கு முன் உழவரைக் கேட்போம்



மைசூரிலிருந்து உன்சூர் வழியாக மேற்கே சென்றால் குடகு நாட்டுக் காப்பித் தோட்டங்களை அடையலாம். அங்கே நிழல்தரும் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். மரங்களின் அடியில் காப்பிச் செடி நிற்கும். இரண்டும் ஒரே உழவருடையவை. ஆயினும் வாணிப ஒப்பந்தம் என்று வரும்போது இரண்டின் நலன்களும் வேறுபடுகின்றன.

நம் நாட்டுக் காப்பியில் பெரும்பகுதி அயல்நாடுகளுக்கே செல்கிறது. ஆதலின், பிற நாடுகள் சுங்கத்தைக் குறைப்பது காப்பிக்கு நன்மை. மிளகின் நிலை வேறு. 1998-இல் கையெழுத்தாகி, 2000-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி, இலங்கை மிளகு சுங்கச் சலுகையுடன் இங்கு வருகிறது. பிற நாட்டு மிளகும் இலங்கையின் பெயரால் நுழைகிறது என்று விவசாயிகள் முறையிட்டனர். 2017 டிசம்பரில் மத்திய அரசு, கிலோவுக்கு 500 ரூபாய் எனக் குறைந்தபட்ச இறக்குமதி விலையை விதித்தது. நல்லதே, ஆனால் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து அதற்குள் 17 ஆண்டுகள் கழிந்துவிட்டன!

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையைப் பார்ப்போம். அயல்நாட்டு ஒப்பந்தம் மத்தியப் பட்டியலின் 14-ஆம் இனம். வேளாண்மை மாநிலப் பட்டியலின் 14-ஆம் இனம். ஒப்பந்தம் செய்துகொள்ள நாடாளுமன்றத்தின் முன்னிசைவும் கட்டாயமன்று. ஆகவே, முன்கூட்டியே பொதுமக்களைக் கலந்தாலோசிப்பது உழவர் குரல் ஒலிப்பதற்கு இன்றியமையாத வழியாகும்.

பேரம் நடக்கையில் கமுக்கம் வேண்டாமா என்று சிலர் வினவுவர். வேண்டும்தான். நாம் இறங்கிவரக்கூடிய கடைசி எல்லையை எதிர்த்தரப்பு அறியலாகாது. ஆனால், எந்தப் பயிருக்குச் சந்தை வேண்டும், எதற்குக் காப்பு வேண்டும் என்று நம் உழவரைக் கேட்பதில் கமுக்கம் எதற்கு?

அரசு ஏடுகளை மொழிபெயர்ப்பது நம் தொழில். ‘செய்யும்’ என்பது கடமை. ‘செய்ய முயலும்’ என்பது வெறும் விருப்பம். இவ்வேறுபாட்டை உழவர் அறியவேண்டுமானால், வரைவின் சுருக்கமாவது கன்னடத்திலும் தமிழிலும் அவர் கைக்கு எட்டவேண்டும். கருத்துரைக்கப் போதிய அவகாசமும் தரவேண்டும்.

அத்தோட்டங்களில் காப்பிப்பழம் பறிப்போருள் நம் தமிழரும் உளர். விலை வீழ்ந்தால் அவர்தம் கூலியும் தளரும். கேட்கப்பட வேண்டியோர் வரிசையில் அவர்களுக்கும் இடம் உண்டு என்பதை நாம் மறத்தல் ஆகாது.