லாரி ஓட்டுநரின் உடல் தகுதி

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் அரசு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



லாரி ஓட்டுநரின் உடல் நலத்தைப் பற்றி உழவர் கூட்டத்தில் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தாருக்கு இதற்கு விடை கூற வேண்டுவதில்லை. மழை பொய்த்த காட்டை நம்பியிராமல் லாரித் தொழிலில் இறங்கிய குடும்பங்கள் அங்கே பல. மற்ற மாவட்டங்களிலும் நிலம் போதாத வீட்டுப் பிள்ளைகள் இத்தொழிலுக்குச் செல்லுகின்றனர். நாம் விளைவிக்கும் வெங்காயமும் மஞ்சளும் அவர்கள் கையால்தான் தொலைதூரச் சந்தைகளை அடைகின்றன.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சரக்கு லாரி ஓட்டுவதற்கு 20 வயது நிறைந்திருத்தல் வேண்டும். இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டாவது கழிந்த பின்னரே போக்குவரத்து வாகனத்திற்குப் பழகுநர் உரிமம் கிடைக்கும். அத்துடன், பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதித்து 1-ஏ என்னும் படிவத்தில் சான்று அளித்தல் வேண்டும். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள காரின் எண் பலகை கண்ணுக்குத் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா, ஒலி எழுப்பினால் செவியில் விழுமா, கை கால்களில் ஊனம் உண்டா என்பனவற்றை அவர் பார்த்தல் வேண்டும். கண்ணாடி அணிந்து பார்வை சரியானால் தடையில்லை. நிறங்களைப் பிரித்தறியும் குறை லேசாகவோ நடுத்தரமாகவோ உள்ளவர்களுக்கும் உரிமம் வழங்கலாமென 2020ஆம் ஆண்டில் விதி தளர்த்தப்பட்டது. குறை கடுமையாயின் உரிமம் இல்லை. வலிப்போ, திடீர் மயக்கமோ உண்டா என்பதற்கு விண்ணப்பதாரரே உறுதிமொழி எழுதித் தருதல் வேண்டும்.

விதிகள் நல்லவையே. ஆனால் விண்ணப்பதாரரின் முகத்தைக்கூடப் பாராமல் கையொப்பம் இட்டுத் தரப்படும் சான்றுகளும் உண்டு என்பதை இங்கே மறைப்பதில் பயனில்லை. அவ்வாறு பெற்ற தாள் அலுவலகத்திற்குப் போதும், சாலைக்குப் போதாது.

நேர்மையாகப் பெற்ற சான்றும் அன்றைய உடலுக்குரியதே. மூன்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியிருந்த இவ்வுரிமம், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் ஐந்தாண்டு செல்லும். நாற்பதைக் கடந்த ஒருவரின் உடலில் ஐந்தாண்டுகளில் எத்தனையோ மாறுதல்கள் நேரும். கண்ணையே எடுத்துக்கொள்வோம். சோதனை பகலில், லாரி ஓடுவதோ பெரும்பாலும் இரவில். கண்புரை அரும்பத் தொடங்கியவருக்குப் பகலில் குறையொன்றும் தெரியாது. எதிர்வண்டியின் விளக்கொளி பட்டவுடன் சாலை முழுவதும் வெள்ளையாகப் பரவிவிடும்.

சர்க்கரை நோய் இன்னும் நுட்பமானது. அஃது இருந்தாலே லாரி ஓட்டலாகாது என்பதன்று. கவனிப்பாரற்று விடப்பட்டால் விழித்திரை கெடும். பாதம் மரத்து, பிரேக்கை மிதிக்கும் அழுத்தம் தெரியாமற் போகும். இன்சுலினும் சில வகை மாத்திரைகளும் எடுத்துக்கொண்டு, சரக்கு இறக்கும் அவசரத்தில் வேளைச் சோற்றைத் தவறவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், மனக்குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். அந்நிலையில் வண்டியை ஓரங்கட்டி, இனிப்பு ஏதேனும் உண்டு, தெளிந்த பின்னரே எடுத்தல் வேண்டும். கைக்கெட்டும் இடத்தில் ஒரு பொட்டலம் சர்க்கரை வைத்திருப்பது இதற்காகவே.

உறக்கத்திற்குப் படிவத்தில் இடமே இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி கண் அயர்ந்தால் லாரி 50 மீட்டர் ஓடிவிடும். உரத்த குறட்டை விட்டு, மூச்சுத் திணறி அடிக்கடி விழித்து, பகலெல்லாம் தூங்கி வழிபவருக்கு உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. சளிக்கும் அரிப்பிற்கும் தரும் சில மாத்திரைகளும் தூக்கம் தருவன. மருந்துக் கடையில் வாங்கும்போதே ‘நான் வண்டி ஓட்டுபவன்’ என்று சொல்லிவிடுதல் நலம். ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்துள்ள நிறுவனங்களில் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலையே என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொது விதியாக வகுத்திருந்தது. சரக்கு விடிவதற்குள் சேர வேண்டுமென்று நாம் விரட்டும்போது இதையும் சற்று நினைத்தல் வேண்டும்.

ஓட்டுநர் நோயை மறைப்பது ஏன்? சொன்னால் பிழைப்புப் போய்விடும் என்னும் அச்சமே காரணம். வலிப்பு நோயுள்ளவர் லாரி ஓட்டலாகாது. அதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை. ஆனால் அவருக்குப் பட்டறையிலோ, சரக்குப் பதிவு அலுவலகத்திலோ மாற்று வேலை தேடித்தரும் பொறுப்பை லாரி உரிமையாளரும் ஊராரும் ஏற்றால், அடுத்தவர் மறைக்கமாட்டார்.

2021ஆம் ஆண்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. ஓட்டுநர் மட்டும் வீட்டில் இருப்பதில்லை! ஆகவே பயண நாட்களைக் கணக்கிட்டு மாத்திரைகளைப் பையில் எடுத்து வைக்குமாறு அவர்தம் இல்லத்தாருக்குச் சொல்லுங்கள். மருத்துவ முகாமையும் அவர்கள் ஊரிலிருக்கும் நாள் பார்த்தே வைத்தல் வேண்டும். ஆயுத பூசைக்கு லாரிகளைக் கழுவிப் பொட்டிட்டு நிறுத்துவார்கள் அல்லவா? அதை ஒட்டிய வேலை நாளொன்றைக் குறித்து, ஒரு மாதம் முன்னரே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கு எழுதுங்கள். கண் பரிசோதகரும் வர வேண்டுமெனத் தனியே குறிப்பிடுங்கள். நாற்பது வயதைக் கடந்தவர்கள் காலை உணவு கொள்ளாமல் வரட்டும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அன்று காலை அதனையும் நிறுத்தி, இரத்தம் கொடுத்து உணவு உண்ணும் வேளையில் எடுத்துக்கொள்ளட்டும். இரத்தம் கொடுத்தவுடன் அங்கேயே இட்டிலி வழங்க ஊராட்சி ஏற்பாடு செய்தல் நன்று.