நடுகல்லும் நங்கையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

யாம் புலவர் அல்லோம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்து, பயணியர் பெயர்களைப் பதிவு செய்தே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தோம். எம் சிற்றறிவுக்கு எட்டியதெல்லாம் நம் சங்க நூலகம் தந்த பிச்சை. குற்றம் இருப்பின் பொறுத்தருள்க.

சென்ற திங்கள் அந்த நூலகத்தில் இளம்பெண்கள் இருவர் ஒரு கதையைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தனர். நகரத்திலே தனித்து வாழும் படித்த பெண் ஒருத்தி; என்றோ ஒரு போரில் மாண்ட படைவீரனின் ஆவி; இருவர்க்கும் காதல். இதுவே கதை. “எத்துணை அழகிய காதல்!” என்றாள் ஒருத்தி. “அவன்தான் இறந்துவிட்டானே, அவள் வாழ்வு என்ன ஆவது?” என்றாள் மற்றவள். இருவரும் எம் பக்கம் திரும்பித் தீர்ப்புக் கேட்டனர். யாம் விடை கூறாது நழுவிவிட்டோம். ஏன் நழுவினோம் என்பதை இறுதியில் கூறுவோம். அன்று கூறாத விடையே இன்றைய உரையாகும்.

இப்பொருள் நமக்குப் புதியதன்று. வீரன், பேய், பெண் ஆகிய மூவரையும் ஒரே துறையில் வைத்துப் பேசிய பெருமை தொல்காப்பியத்துக்கு உண்டு. போரிலே புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் அணுகாதவாறு மனைவி காத்து நிற்பதைத் தொடாக் காஞ்சி என்று அந்நூல் வகுத்தது. புறநானூற்றில் அரிசில்கிழார் பாடிய பாட்டொன்றில், மகளிர் வீட்டிலே வேப்பிலையைச் செருகி, மணி ஒலித்து, வெண்கடுகு சிதறி, காஞ்சி பாடிப் புண்பட்ட வீரனைக் காக்கின்றனர். இன்றும் தாராவியின் குறுக்குச் சந்துகளில், நோயுற்றவர் வீட்டு வாயிலில் வேப்பங்கொத்தைக் காண்கிறோம் அன்றோ? ஊர்விட்டு ஊர் வந்தும் அவ்வழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

காத்தும் வீரன் இறந்துவிட்டான் என்றால் என் செய்வது? கல் நட்டனர். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. பெயரும் பெருமையும் பொறித்து, மயிற்பீலி சூட்டி, கள் படைத்து வழிபட்டனர். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006 ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள், தமிழ்ப் பிராமி எழுத்திலே, ஆநிரைப் போரில் பட்ட வீரனைப் பற்றி இன்றும் பேசுகின்றன. வீரன் சாகவில்லை; கல்லிலே இருக்கிறான்; கேட்டால் தருவான் என்பது அன்றைய நம்பிக்கை. அள்ளூர் நன்முல்லையார் பாட்டில் ஒரு பெண் நாள்தோறும் நடுகல்லைக் கைதொழுது, தன் மனைக்கு விருந்தினர் வரவேண்டும் என்று வேண்டுகிறாள். உயிரோடிருக்கும் பெண்ணுக்கும் உயிர்நீத்த வீரனுக்கும் உள்ள உறவு இங்கே அச்சமன்று, அன்பும் நன்றியுமே.

ஆயின் அந்நாளிலேயே இவ்வுறவுக்கு இன்னொரு முகமும் இருந்தது. புறநானூற்றில் கணவனை இழந்த ஒருத்தி, ஈமத்தாழி வனையும் குயவனை விளித்து, தனக்கும் சேர்த்து அகலமான தாழியாகச் செய்யுமாறு கெஞ்சுகிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலிலே ஒட்டிக்கொண்டு, அது போகும் வழியெல்லாம் போன பல்லியைப் போலத் தலைவனோடு வந்தவள் தான் என்கிறாள். படிக்கும்போதெல்லாம் எம் நெஞ்சு கலங்கும். ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அங்கே இறந்தவன் எழுந்து வந்து அவளை அழைக்கவில்லை. வாழ வழி காணாது அவளே தாழிக்குள் இடம் கேட்கிறாள். பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயத் துணிந்தபோது சான்றோர் தடுத்தனர் என்பதையும் அந்நூலே சொல்கிறது. தடுத்த சான்றோரை நாம் மறந்துவிட்டோம். தீயை மட்டும் நினைவில் வைத்தோம்.

மதுரை வீரனை அறியாதார் நம்மில் இலர். 1956 இல் வந்த திரைப்படத்தை நம் பெற்றோர் கண்ணீரோடு கண்டனர். நாயக்கர் படையில் பணிபுரிந்து, மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாண்டு, தெய்வமானவன் அவன். அவன் சிலையின் இருபுறமும் பொம்மியும் வெள்ளையம்மாளும் நிற்கின்றனர். கதைப்படி அவனோடு உயிர் துறந்ததனாலன்றோ அவர்களுக்கு அந்த இடம் கிடைத்தது? உயிரோடு இருந்து, பிள்ளை வளர்த்து, முதுமையடைந்திருப்பின் அவர்களுக்குச் சிலை ஏது?

வடநாட்டிலும் இதுவே நிலை. அருணாசலப் பிரதேசத்தில் தவாங் செல்லும் வழியில் ஜஸ்வந்த்கட் என்னும் நினைவிடம் உள்ளது. 1962 நவம்பரில் சீனப் படையை நூரானாங்கில் எதிர்த்து மாண்ட கட்வால் படையின் ஜஸ்வந்த் சிங் ராவத் என்னும் வீரருக்காக எழுந்தது அது. அவருக்கு மகாவீர சக்கரம் வழங்கப்பட்டது. அங்கே அவருக்குப் படுக்கை விரிக்கின்றனர், காலணிக்கு மெருகிடுகின்றனர், காலையில் தேநீர் வைக்கின்றனர். அவரோடு சேலா, நூரா என்னும் மலைநாட்டு நங்கையர் இருவரைச் சேர்த்து மக்கள் ஒரு கதை சொல்கின்றனர். சேலா அவர்மீது காதல் கொண்டாளாம், உணவு கொணர்ந்தாளாம், அவர் மாண்டதும் மலையிலிருந்து குதித்தாளாம், கணவாய்க்கு அவள் பெயர் வந்ததாம். திபெத்திய மொழியில் ‘லா’ என்றாலே கணவாய் என்பது பொருள். போருக்கு நெடுங்காலம் முன்னரே அக்கணவாய்க்கு அப்பெயர் உண்டு. மலையின் பெயரிலிருந்து ஒரு மங்கையைப் படைத்து, வீரனின் ஆவிக்குத் துணையாக வைத்துவிட்டனர் மக்கள். வீரனைத் தனியே விட அவர்களுக்கு மனம் வரவில்லை போலும். அதற்கும் ஒரு பெண் சாகவேண்டியிருந்தது!

இன்னொரு வீரரின் கதை எம் தொழிலோடு தொடர்புடையது. சிக்கிமில் நாதுலாக் கணவாய்க்கு அருகே 1968 அக்டோபரில் உயிர்நீத்தவர் ஹர்பஜன் சிங். அவர் ஆவி எல்லையைக் காக்கிறது என்று படையினர் நம்பினர்; கோயில் எழுப்பினர். பல ஆண்டுகள், செப்டம்பர் 11 ஆம் நாள், ‘விடுப்பில்’ செல்லும் அவர் உடைமைகளை ஜீப்பில் ஏற்றி நியூ ஜல்பைகுரி நிலையத்துக்குக் கொணர்ந்து, ரயிலில் அவர் பெயரால் ஓர் இடத்தை வெறுமையாக விட்டு, பஞ்சாபின் கபூர்தலா மாவட்டத்தில் உள்ள அவர் ஊருக்குப் படையினர் துணையோடு அனுப்பினர். இவ்வழக்கம் பின்னர் நின்றுவிட்டது. ஓர் இடத்துக்காகப் பயணியர் படும் பாட்டை நாள்தோறும் காணும் எமக்கு, அந்த வெற்றிடம் சிரிப்பை மூட்டவில்லை, கண்ணீரையே தந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஓர் இடத்தை இறந்தவர்க்கு விடலாம். ஆனால் ஒரு பெண்ணின் ஆயுள் முழுவதையும் அவ்வாறு வெற்றிடமாய் முன்பதிவு செய்து வைக்கலாமா? இதுவே எம் வினா.

மேல்நாட்டார் இவ்வினாவுக்கு இருவகையாக விடை தந்துள்ளனர். ஜெர்மானியக் கவிஞர் பியூர்கர் 1773 இல் எழுதிய ‘லெனோர்’ என்னும் கதைப்பாட்டில், பிராகா நகர்ப் போருக்குச் சென்று திரும்பாத காதலன் நள்ளிரவில் குதிரையேறி வந்து லெனோரை அழைக்கிறான். மணவறைக்கென்று நம்பி அவள் ஏறுகிறாள். குதிரை இடுகாட்டில் போய் நிற்கிறது. ‘கோஸ்ட் அண்ட் மிஸஸ் மியூர்’ என்னும் 1947 ஆம் ஆண்டு ஆங்கிலத் திரைப்படத்தில் வருபவன் கப்பல் தலைவன் ஒருவனின் ஆவி. கணவனை இழந்து தனியே வாழும் பெண்ணுக்குத் துணையாகிறான். அவள் பிழைக்க ஒரு நூல் எழுதவும் உதவுகிறான். உயிருள்ள ஒருவன்பால் அவள் மனம் செல்வதைக் கண்டதும், தன்னைக் கனவென்று அவள் கருதுமாறு செய்து விலகிவிடுகிறான். ஒருவன் கல்லறைக்கு இழுத்தான்; மற்றவன் வாழ்வுக்கு விடுத்தான்.

நம் சிலம்பும் இரண்டாம் வழியையே காட்டியது. கோவலன் போர்வீரன் அல்லன், வணிகன். வெட்டுண்டு கிடந்த அவன், கண்ணகி தழுவியபோது எழுந்தான். அவள் முகத்தைக் கண்டு வருந்தினான். கையால் கண்ணீரைத் துடைத்தான். அவளை இவ்வுலகில் இருக்கச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் சென்றான். ‘என்னோடு வா’ என்று அவன் கூறவில்லை. இறந்த கணவன் கூறிய அவ்வொரு சொல்லை இளங்கோவடிகள் வீணாகவா வைத்தார்?

சட்டமும் நெடுநாள் லெனோரின் குதிரையிலேயே சென்றது. வீர விருது பெற்றவர் இறந்தபின் அவ்விருதுக்குரிய மாதத் தொகை அவர் மனைவிக்குச் சேரும். அவள் மறுமணம் செய்துகொண்டால் அத்தொகை நின்றுவிடும். இறந்தவரின் உடன்பிறந்தானையே மணந்தால் மட்டும் தொடரும் என்று விதி இருந்தது. இறந்தவரின் வீட்டை விட்டு அவள் வெளியேறக் கூடாது என்பதன்றி இதற்கு வேறு பொருள் உண்டோ? 2017 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் அவ்விதியை நீக்கியது. யாரை மணந்தாலும், மணவாதிருந்தாலும், அத்தொகை அவள் வாழ்நாள் முழுவதும் அவளுக்கே. சட்டம் திருந்திவிட்டது. நாம் திருந்தினோமா?

அன்பர்களே! நூலகத்தில் யாம் நழுவிய காரணத்தை இப்போது சொல்கிறோம். எம் தங்கையின் ஒப்புதல் பெற்றே சொல்கிறோம்.

எம் தங்கை செம்பூரில் ஒரு வங்கியில் பணிபுரிகிறாள். அவள் கணவர் படைவீரர். எல்லைப் பணியில் உயிர்நீத்தார். மணமாகி மூன்று ஆண்டுகள். இருவரும் ஒன்றாக இருந்த நாட்களை எண்ணினால் நூறைத் தாண்டாது. அவருடைய இரும்புப் பெட்டி வீட்டுக்கு வந்தது. தங்கை அதனைத் தன் கட்டிலருகே வைத்தாள். இரவில் விளக்கணைத்தபின் மெல்லிய குரலில் பேசுவாள். அன்றைய வங்கிக் கணக்கு, மழை, மின்சார ரயிலின் நெரிசல் ஆகிய எல்லாம் அவரிடம் சொல்லுவாள். இடையிடையே நிறுத்துவாள், மறுமொழி கேட்பவள் போலச் சிரிப்பாள்.

யாம் அஞ்சினோமா? இல்லை. பெருமை கொண்டோம்! உறவினர் வந்தால், “மாப்பிள்ளை இன்னும் இவளோடுதான் இருக்கிறார்” என்று சொல்லிக்கொண்டோம். எம் அன்னையார் அவளைத் தெய்வப் பிறவி என்றார். ஐந்து ஆண்டுகள் சென்றன. உடன் பணிபுரியும் நல்லவர் ஒருவர், முறையாகப் பெரியவர்களை அனுப்பி அவளைப் பெண் கேட்டார். அவளிடம் ஒரு சொல்லும் கேளாமல், “அவள் கணவரோடு வாழ்கிறாள், போய் வாருங்கள்” என்று யாமே விடையனுப்பினோம்.

செய்தி அவளுக்கு எட்டியது. அன்றிரவு எம் எதிரே வந்து அமர்ந்தாள். அழவில்லை. “அண்ணே, அவர் என்னோடு பேசுவது மெய்தான். ஆனால் இப்படியே இரு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதைச் சொன்னது நீங்கள்தான்” என்றாள்.

வேறொன்றும் சொல்லவில்லை. யாமும் ஒன்றும் சொல்ல வல்லோம் அல்லோம். அன்று இரவு முழுதும் உறக்கமின்றி எண்ணிப் பார்த்தோம். அவள் பேசியது காதலால். யாம் அந்த ஆவியைப் போற்றியதோ, ஊரார் வாய்க்கு அஞ்சி, குடும்பப் பெருமைக்காக. அவருடைய நினைவை அவள் துணையாகக் கொண்டாள். யாம் அதனைப் பூட்டாக்கினோம். நூலகத்தில் அந்தப் பெண் “அவள் வாழ்வு என்ன ஆவது?” என்றபோது, எம் தங்கையின் முகமே எம் முன் நின்றது. அதனால்தான் நழுவினோம்.

மறுநாளே சென்று அப்பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்டோம். சென்ற தைத் திங்களில் மாதுங்காவில் திருமணம் எளிமையாக நடந்தது. அந்த இரும்புப் பெட்டி இப்போது எம் வீட்டில் உள்ளது. வீரர் மறைந்த நாளன்று தங்கை வருகிறாள். பெட்டியைத் திறந்து சீருடையை வெயிலில் உலர்த்தி, மடித்து வைக்கிறாள். அவள் கணவர் மறுமுனையைப் பிடித்து மடிக்க உதவுகிறார். அவள் இன்றும் முன்னவரோடு பேசுகிறாளா என்று யாம் கேட்பதில்லை. அது கேட்கத் தக்கதும் அன்று.

பெரியோர்களே! வீரர்க்குக் கல் நடுவோம், பீலி சூட்டுவோம், பெயர் பொறிப்போம். அவர் பெயரால் ஓர் இருக்கையை வெறுமையாக விட்டாலும் விடுவோம். ஆனால் கல்லுக்கு அருகே உயிருள்ள நங்கை ஒருத்தியையும் கல்லாக நட்டு வைக்க வேண்டா. அவள் தனித்து வாழ விரும்பின் அது அவள் உரிமை. மீண்டும் மணம் விரும்பின் அதுவும் அவள் உரிமை. நூலகத்தில் எம்மிடம் தீர்ப்புக் கேட்ட பெண்கள் இருவரும் இந்த அவையில் உள்ளனர். அம்மையீர், காதல் அழகியதே, ஐயமில்லை. அவள் வாழ்வு என்ன ஆகவேண்டும் என்பதை மட்டும் ஆவியிடமும் கேட்க வேண்டா, எம்மைப் போன்ற அண்ணன்மாரிடமும் கேட்க வேண்டா, அவளிடமே கேளுங்கள்.