கொல்லிமலை ஏறும் முன் கொண்டியைப் பாருங்க

லாங் வீக்எண்டு வந்தாலே நம்ம டீம் வாட்ஸ்அப் குரூப்ல யாராவது ஒருத்தர் கேட்டுடுவாங்க, "கொல்லிமலை போலாமா?" காரவள்ளில ஆரம்பிச்சு 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை, மிளகு, பலாப்பழம். எல்லாம் சரி. அந்த ரெண்டு நாளும் உங்க வீட்டை யார் பாத்துக்கறாங்க? இந்த எபிசோட் அதைப் பத்திதான்.

கொல்லிமலைன்னு சொன்னதும் ஞாபகம் வருது. சங்கப் பாட்டுலயே வர்ற கொல்லிப்பாவையைக் கேள்விப்பட்டிருப்பீங்க. மலைக்குள்ள அசுரர்கள் வராம இருக்கச் செஞ்சு நிறுத்துன பாவைன்னு கதை. வேண்டாதவங்க வர்றது தெரிஞ்சா சிரிக்குமாம். அந்தச் சிரிப்புல மயங்கிக் கிட்டப் போனவன் உயிரோட திரும்ப மாட்டான். நம்ம பாஷைல சொன்னா, சென்சாரும் பாவைதான், செக்யூரிட்டியும் பாவைதான்.

இப்ப நம்ம வாசல்ல மாட்டற சிசிடிவி கேமராவைப் பாருங்க. அது பாக்கும், பதிவு பண்ணும், அவ்வளவுதான். அது ஒரு சாட்சி. காவலாளி கிடையாது. இந்த வித்தியாசம் புரியாமதான் நிறைய பேர் கேமராவுக்கு இருபதாயிரம் செலவு பண்ணிட்டு, கதவுல இருபது வருஷத்துப் பழைய கொண்டியை அப்படியே விட்டுடறாங்க.

பாதுகாப்பு டிசைன்ல ஒரு எளிய கணக்கு இருக்கு. உள்ள வர முயற்சி நடக்குதுன்னு ஒருத்தருக்குத் தெரியணும். தெரிஞ்ச நொடியில இருந்து கடிகாரம் ஓடுது. அந்த நொடியில இருந்து உங்க கதவு தாங்கற நேரம், உதவி வந்து சேர்ற நேரத்தைவிட அதிகமா இருக்கணும். வீட்டுப் பாதுகாப்போட மொத்த சூத்திரமும் இதுதான்.

கொல்லிமலைல நிக்கற உங்களுக்கு இதைப் பொருத்திப் பாருங்க. சில இடத்துல சிக்னலே கிடைக்காது. கிடைச்சு, மொபைல்ல அலர்ட் வந்தாலும், நீங்க 70 வளைவு இறங்கி, அதுக்கப்புறம் சென்னைக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல போகணும். அதனால அந்த அலர்ட் உங்களுக்கு மட்டும் வந்து பிரயோஜனம் இல்ல. எதிர் வீட்டு ஆன்ட்டிக்கோ, அபார்ட்மென்ட் செகரெட்டரிக்கோ போகணும். அவங்க நம்பர் உங்ககிட்ட இருக்கா? உங்க நம்பர் அவங்ககிட்ட இருக்கா? ரெண்டு வருஷமா ஒரே மாடியில குடியிருந்துட்டு பேர்கூட தெரியாம இருக்கோம். அதுதான் நம்ம சிஸ்டத்துல இருக்கற பெரிய ஓட்டை.

சரி, கதவுக்கு வருவோம். பூட்டுன்னா நமக்கு திண்டுக்கல். 2019ல புவிசார் குறியீடே வாங்கிடுச்சு. ஆனா எவ்வளவு நல்ல பூட்டா இருந்தாலும், திருடன் பூட்டைத் திறக்கணும்னு அவசியமே இல்ல. கடப்பாரையைக் கொண்டியில கொடுத்து நெம்பினா போதும். பூட்டு முழுசா இருக்கும், கொண்டி மட்டும் பிஞ்சு தொங்கும். அதனால இன்னைக்கே ஒரு வேலை செய்யுங்க. கதவைப் பூட்டின நிலையில வெளிய நின்னு பாருங்க. கொண்டியோட ஸ்க்ரூ தலை வெளிய தெரியுதா? தெரிஞ்சா அதுக்குக் கடப்பாரைகூட வேண்டாம், ஸ்க்ரூடிரைவர் போதும். கதவை ஊடுருவிப் போற மாதிரி போல்ட் போட்டு, நட்டை உள்பக்கம் முறுக்கச் சொல்லுங்க. கார்பென்டருக்கு ஒரு மணி நேர வேலை.

இன்னொண்ணு. வெளிய தொங்கற பூட்டு ஒரு போர்டு மாதிரி. "வீட்ல யாரும் இல்ல"ன்னு தெருவுக்கே சொல்லுது. கதவுக்குள்ளயே பதிச்ச பூட்டுன்னா வெளிய இருந்து பாக்கறவனுக்கு ஆள் இருக்கா இல்லையான்னு தெரியாது. வாசல்ல சேர்ற பேப்பர், பால் பாக்கெட், கொரியர் கவர், பட்டப்பகல்லயும் எரியற வாசல் லைட்டு, இதெல்லாமும் போர்டுதான். அதைவிடப் பெரிய போர்டு நம்ம இன்ஸ்டா ஸ்டோரி. வளைவு வளைவா ரீல்ஸ் எடுங்க, யார் வேண்டாம்னாங்க? வீடு திரும்பினதுக்கு அப்புறம் போடுங்க.

கேமரா வெச்சிருக்கறவங்களுக்கு மூணே விஷயம். ஒண்ணு, ரெக்கார்டர் பெட்டியை டிவிக்குப் பக்கத்துல வைக்காதீங்க. போறப்ப அதையும் தூக்கிட்டுப் போயிடுவாங்க. கிளவுட்ல ஒரு காப்பி இருக்கட்டும். ரெண்டு, மெயின் ஸ்விட்சை அணைச்சா ரவுட்டரும் செத்துடும். அதுக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போடுங்க. மூணு, பாஸ்வேர்டு. 2016ல மிராய்ங்கற மால்வேர் உலகம் முழுக்க கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடிச்சது எப்படின்னா, கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாத்தாம விட்டதாலதான். உங்க ஹாலை வேற யாரோ பாத்துட்டு இருக்கறதுக்கு கேமராவே இல்லாம இருக்கலாம்.

அடுத்தது சாவி. பூத்தொட்டிக்கு அடியில, ஷூவுக்குள்ள, மீட்டர் பாக்ஸ் மேல. இது திருடனுக்குத் தெரியும்ங்கறது ஒரு பிரச்சனை. அதைவிடப் பெரிய பிரச்சனை இன்சூரன்ஸ்ல இருக்கு. 2004ல யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸுக்கும் ஹர்சந்த் ராய் சந்தன் லாலுக்கும் நடந்த வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு. பாலிசியில "பலவந்தமா நுழைஞ்சு திருடினா"ன்னு எழுதியிருந்தா, பலவந்தம் நடந்ததுக்கு அடையாளம் வேணும். சாதாரணத் திருட்டுக்குப் பணம் கிடையாது. பூத்தொட்டிச் சாவியை எடுத்துத் திறந்து உள்ள போனவன் எதையும் உடைக்கல. அப்ப உங்க கிளெய்ம் என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

2021 ஏப்ரல்ல வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியும் அடிப்படையில தீ, வெள்ளம், நிலநடுக்கம் மாதிரி விபத்துகளுக்குத்தான். அந்த மாதிரி ஏதாவது நடந்து 7 நாளுக்குள்ள, அதை ஒட்டி நடக்கற திருட்டுக்கு மட்டும்தான் அதுல கவர். "வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கு"ன்னு நிம்மதியா இருக்கறவங்க, திருட்டுக்குன்னு தனி கவர் இருக்கான்னு ஒரு தடவை திறந்து படிங்க.

"நகையெல்லாம் லாக்கர்ல இருக்கு பாஸ்"னு சொல்றவங்களுக்கும் ஒரு கணக்கு. 2022 ஜனவரியில இருந்து அமலான ரிசர்வ் வங்கி விதிப்படி, திருட்டோ ஊழியர் மோசடியோ நடந்து பேங்க் மேல தப்புன்னா, அதிகபட்சப் பொறுப்பு வருஷ வாடகையைப் போல 100 மடங்குதான். வாடகை 3,000 ரூபாய்னா 3 லட்சம். உள்ள எத்தனை பவுன் இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும். இருந்தாலும் வீட்டு பீரோவைவிட லாக்கர் மேல்தான், சந்தேகமே இல்ல.

இதுவரைக்கும் பொருளைப் பத்திப் பேசினோம். ஆள் இருக்கற வீடு வேற கதை. 2005 ஜனவரி 9 அதிகாலை, பெரியபாளையம் பக்கத்துல, அப்ப கும்மிடிப்பூண்டி எம்எல்ஏவா இருந்த சுதர்சனத்தை அவர் வீட்டுக்குள்ளயே புகுந்து பவாரியா கும்பல் சுட்டுக் கொன்னுது. நெடுஞ்சாலைக்குப் பக்கத்து வீடுகளா பாத்துக் கொள்ளையடிச்ச கும்பல். ஜாங்கிட் தலைமையில தனிப்படை வட இந்தியா வரைக்கும் போய்ப் பிடிச்சாங்க. "தீரன் அதிகாரம் ஒன்று" படத்துக்கு அடிப்படை அதுதான். அது பழைய கதைன்னு விட முடியல. 2024 நவம்பர்ல பல்லடம் பக்கம் சேமலைகவுண்டன்பாளையத்துல தோட்டத்து வீட்ல மூணு பேர் கொலை. 2025 மே மாசத் தொடக்கத்துல சிவகிரி பக்கம் தோட்டத்து வீட்ல ஒரு வயசான தம்பதி கொலைன்னு செய்தி. எல்லாம் நம்ம கொங்குப் பக்கம்.

நம்மள்ல பாதி பேரோட அம்மா அப்பா இந்த மாதிரி வீட்லதான் தனியா இருக்காங்க. நாமக்கல்லோ, ராசிபுரமோ, கொல்லிமலை அடிவாரமோ. அவங்களுக்கு ஸ்மார்ட் லாக் வாங்கி அனுப்பறதுக்கு முன்னாடி மூணு காரியம் பண்ணுங்க. படுக்கை அறைக்கு உள்பக்கம் உறுதியான தாழ்ப்பாள். தலைமாட்டுல சார்ஜ் போட்ட போன், அதுல 100, 112, பக்கத்துத் தோட்டத்துக்காரர் நம்பர். வெளிய நாலு பக்கமும் லைட்டு, ஸ்விட்ச் மட்டும் படுக்கை அறைக்குள்ள. ராத்திரி சத்தம் கேட்டா கதவைத் திறந்து வெளிய போய்ப் பாக்கக் கூடாது. லைட்டைப் போட்டுட்டு, தாழ்ப்பாளைப் போட்டுட்டு, போன் பண்ணணும். இதை அப்பாகிட்ட ஒரு தடவை சொன்னா கேக்க மாட்டார். நாலு தடவை சொல்லுங்க.

ஊருக்குப் போறதுக்கு முன்னாடி உங்க ஏரியா ஸ்டேஷன்ல "இந்தத் தேதியில இருந்து வீடு பூட்டியிருக்கும்"னு சொல்லிட்டுப் போங்க. போலீஸே இதைக் கேட்டுக்கறாங்க, ரோந்து வர்றப்ப பாத்துப்பாங்க. செலவே இல்லாத வேலை, ஆனா நம்ம ஜெனரேஷன்ல யாரும் செய்யறது இல்ல.

எல்லாத்தையும் தாண்டி நடந்துடுச்சுன்னா? உள்ள போகாதீங்க. பீரோவைத் தொடாதீங்க, கைரேகை அழிஞ்சிடும். வெளிய நின்னு 100க்குக் கூப்பிடுங்க. 2024 ஜூலை 1ல இருந்து புது சட்டம். பிஎன்எஸ்எஸ் பிரிவு 173 படி, எந்த ஏரியா ஸ்டேஷன்லயும் புகார் கொடுக்கலாம், மின்னணு முறையிலயும் அனுப்பலாம். அப்படி அனுப்பினா 3 நாளுக்குள்ள போய்க் கையெழுத்துப் போடணும். எஃப்ஐஆர் காப்பியை இலவசமா கேட்டு வாங்குங்க.

நகை திரும்பக் கிடைச்சாலும் கேஸ் முடியற வரைக்கும் கோர்ட்லயே கிடக்கும்னு நினைச்சு நிறைய பேர் விட்டுடறாங்க. தேவையில்ல. 2002ல சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்குல உச்ச நீதிமன்றம், போட்டோ எடுத்து, விவரம் எழுதி, பாண்டு வாங்கிட்டு உரியவங்ககிட்ட சீக்கிரமே ஒப்படைக்கலாம்னு சொல்லியிருக்கு. ஆனா அது உங்க நகைதான்னு காட்டணும்ல? அதனால பில்லையும், ஒவ்வொரு நகையோட போட்டோவையும் இப்பவே எடுத்து மெயில்ல போட்டு வைங்க. லேப்டாப் சீரியல் நம்பரும் அதுலயே.

ஆக, இந்த வாரம் ஹோம்வொர்க் மூணு. கொண்டியைப் பாருங்க. எதிர் வீட்டுக்காரர் நம்பரை வாங்குங்க. ஊருக்குப் போன் போட்டு, அம்மா அப்பா ரூம் தாழ்ப்பாள் எப்படி இருக்குன்னு கேளுங்க. மூணுக்கும் சேத்து கொல்லிமலை டிரிப்போட பெட்ரோல் காசுகூட ஆகாது. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.