வலியதா? தக்கதா?



எனக்கு முன்னால் பேசிய நண்பர், "வலியதே வாழும், டார்வினே சொல்லிட்டார்"னு மேசையைத் தட்டினார். மேசை வலியதா இருந்ததால தப்பிச்சுது! (சிரிப்பு)

ஐயா, நாம படிச்சது 'தக்கன பிழைத்தல்'. 'வலியன பிழைத்தல்' இல்லை! அந்தச் சொல்லை 1864-ல் எழுதியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். டார்வின் 1869-ல்தான் தம் நூலில் சேர்த்துக்கொண்டார். தக்கது என்றால், அந்த இடத்துக்கு, அந்தக் காலத்துக்குப் பொருந்துவது.

சாட்சி வேணுமா? பசிபிக் கடலில் காலபகஸ் தீவுகள். அதில் டாஃப்னி மேஜர்னு ஒரு குட்டித் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதி 1973 முதல் வருஷா வருஷம் அங்கே போய், ஃபிஞ்ச் குருவிகளைப் பிடிச்சு அலகை அளந்தாங்க. நம்ம வீட்டுத் தம்பதிகள் சேர்ந்து பார்க்கிறது பால் கணக்கு மட்டும்தான்! (சிரிப்பு)

1977-ல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்துபோச்சு. மிஞ்சியது நம்ம ஊர் நெருஞ்சிக்கு உறவான ஒரு செடியின் கெட்டியான முள் விதை. 100-க்கு 80-க்கும் மேற்பட்ட குருவிகள் செத்தன. பிழைத்தவற்றில் பெரிய அலகு உள்ளவையே அதிகம். குஞ்சுகளுக்கும் அந்த அலகு வந்தது.

எதிரணி உடனே கைதட்ட வேண்டாம்! 1982-83-ல் எல் நினோ வந்து பேய் மழை கொட்டியது. எங்கும் சின்ன விதைகள். அடுத்த வறட்சியில் சின்ன அலகுக் குருவிகளே அதிகம் பிழைத்தன. நேத்து காப்பாத்தின அலகு, இன்னிக்கு பாரம்! (கைதட்டல்)

எந்தக் குருவியும் பாடுபட்டு அலகை வளர்த்துக்கல. பிறப்பிலேயே வித்தியாசம் இருந்தது, பொருந்தியது பிழைத்தது, பிழைத்தது தன் பிள்ளைக்குக் கொடுத்தது. இதுதாங்க இயற்கைத் தேர்வு.

இது நம்ம வீட்டிலேயும் நடக்குது. ஜுரம்னா டாக்டரைக் கேட்காமல், கடையில ரெண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போடுறோம். மருந்தைத் தாங்குகிற கிருமி ஒண்ணு ரெண்டு இருந்தா, மத்ததெல்லாம் சாகும், அது பெருகும். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங், 1945-லேயே நோபல் பரிசு உரையில் இதை எச்சரித்தார். நாளைக்கு நம்ம குழந்தைக்கு நிஜமாவே மருந்து தேவைப்படும்போது, அது வேலை செய்யாமல் போகலாம். கண்ணுக்குத் தெரியாத கிருமி, எந்த வலிமையால் ஜெயிச்சுது?

எனவே நடுவர் அவர்களே! எளியவனை மிதிக்கிறதுக்கு டார்வினைத் துணைக்குக் கூப்பிடாதீங்கன்னு எதிரணிக்குச் சொல்லுங்க. வாழ்வது வலியதல்ல, தக்கதே என்று தீர்ப்புத் தாருங்கள்! (கைதட்டல்)