உடைந்த மட்டையில் தொடங்கிய ஆட்டம்

(பங்காருபாளையம் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பையன் மட்டையைத் தூக்கினால், "விளையாட்டா சோறு போடும்?" என்று அதட்டுகிறோம். மாங்காய் மண்டிக்கும் பழக்கூழ் ஆலைக்கும் கூலிக்குப் போகிற நம் வீடுகளில் இந்தக் கேள்வி எழுவது நியாயமே. அதற்கு விடையாக, நம்மைப்போல் பிழைக்கப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பார்ப்போம்.

புனேயை ஒட்டி, பம்பாய் ரயில் பாதையில் இருக்கிறது கட்கி. அங்குள்ள படைக்கலத் தொழிற்சாலையில் மைதானத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்தவர் நாகலிங்கம் பிள்ளை. மனைவி ஆண்டாளம்மா. 1968 ஜூலை 16 அன்று பிறந்த அவர்களின் நான்காவது மகன்தான் ஹாக்கி வீரர் தன்ராஜ் பிள்ளை.

புது மட்டை வாங்க வசதியில்லை. உடைந்த மட்டைகளையும், பிறர் தூக்கி எறிந்த பந்துகளையும் வைத்துக்கொண்டு புழுதியில் ஆடினார்கள் சகோதரர்கள். தாயார் தடுக்கவில்லை, ஆடச்சொல்லி ஊக்கினார். மூத்தவர் ரமேஷ் பம்பாயில் ஒரு பொதுத்துறை உரத் தொழிற்சாலை அணிக்கு ஆடினார். 1980களின் நடுவில் தம்பியும் அங்கே போனார். அடுத்து மகிந்திரா நிறுவனத்தின் அணி. அங்கே ஒலிம்பிக் வீரர் ஜோக்கிம் கர்வாலோவின் பயிற்சி. 1989இல், 21 வயதில், டில்லி ஆசியக் கோப்பையில் இந்தியச் சட்டை அணிந்தார். பிறகு நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை!

தோழர்களே, கால் வேகம் அவருடையது. ஆனால் மைதானம் தொழிற்சாலையுடையது, துணிச்சல் தாயுடையது, வழி அண்ணன் போட்டது. இதில் ஒன்று குறைந்திருந்தாலும் அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்குமா?

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 1998இல் அவர் தலைமையில் இந்திய அணி 32 ஆண்டுகளுக்குப் பின் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றது. உடனே அவரும் மூத்த வீரர்கள் அறுவரும் 'ஓய்வு' என்ற பெயரில் ஒதுக்கப்பட்டனர். ஆட்டப்படி போதவில்லை என்று வாய் திறந்ததற்குக் கிடைத்த தண்டனை என்றே பலரும் கருதினர். கூலி கேட்டவனை வெளியே நிறுத்துவது மண்டியில் மட்டும் நடப்பதல்ல!

நம் பிள்ளைகள் எல்லோரும் தன்ராஜ் ஆகப் போவதில்லை. ஆயினும் ஆடிப் பார்க்க ஓர் இடமாவது வேண்டாமா? ஊராட்சியிடம் ஒரு திடல் கேட்போம். தனித்தனியாக அல்ல, குடும்பத்தோடு திரண்டு போய்க் கேட்போம். பையனோடு பெண்ணையும் திடலுக்கு அனுப்புவோம்!