பாதி முடிந்த காருக்கு என்ன விலை?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஏதாவது பயனுள்ளதாகப் பேசுங்கள்" என்று சங்கச் செயலாளர் சொன்னார். எனக்கு மேடைப் பேச்சு வராது. சென்ற ஆண்டு ஒரு பழைய காருக்கு விலை சொல்லப் போய் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன். அதில் நான் படித்த படிப்பும் இருக்கிறது, படிக்காத பாடமும் இருக்கிறது.

கார் 1992 மாடல் கான்டெஸா. தம்பிமார்களில் பலர் அதை நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை செய்த கார். வடிவம் இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் கார். முதலில் அம்பாசிடரின் 1.5 லிட்டர் இன்ஜினைத்தான் போட்டார்கள். அவ்வளவு பெரிய உடம்பை இழுக்க அது திணறியது. பிறகு ஜப்பான் இசுஸுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் வந்த பின்தான் காருக்கு உயிர் வந்தது. நீளமான பானெட், அகலமான முகம், இரட்டை விளக்கு. அமெரிக்காவில் 1964-ல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. போன்ற 'மசில் கார்' எல்லாம் ஆறு லிட்டருக்கு மேற்பட்ட இன்ஜின், முந்நூறு குதிரைத் திறனுக்கு மேல். நம்முடையது தொண்ணூறைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் தோரணையைப் பார்த்து நம் ஊர் மசில் கார் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

சிவகாசியில் அச்சகம் நடத்தும் ஓர் அண்ணாச்சி, நம் கல்லூரியின் ஆரம்ப கால மாணவர், அதை வைத்திருந்தார். 2018-ல் பழையபடி ஆக்கிவிடுவோம் என்று பிரித்துப் போட்டார். 2020-ல் கொரோனா. அதன்பின் அவருக்கு இதய அறுவை சிகிச்சை. வண்டி அச்சகத்தின் பின்புறக் கொட்டகையில் அப்படியே நின்றுவிட்டது. இப்போது மருத்துவச் செலவுக்குப் பணம் வேண்டும், விற்க வேண்டும். வாங்க வந்தவன் என் வகுப்புத் தோழன். அண்ணாச்சி கேட்டது நாலரை லட்சம். தோழன் சொன்னது எண்பதாயிரம். இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "தம்பி, நீ இன்ஜினியர். நீயே ஒரு விலை சொல்லு. நீ சொன்னா சரி" என்றார் அண்ணாச்சி. தோழனும் தலையாட்டினான்.

அங்கேதான் எனக்கு வியர்த்தது. என் சொல்லால் ஒரு பெரியவரின் மருந்துச் செலவில் துண்டு விழலாம். அல்லது ஒரு நண்பனின் சேமிப்பு மண்ணாகப் போகலாம்.

அண்ணாச்சி ஒரு கோப்பை எடுத்து வைத்தார். 2018 முதல் செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் பில். மொத்தம் மூன்று லட்சத்து எண்பத்தைந்தாயிரம். "இதுபோக வண்டி இருக்குல்ல தம்பி" என்றார். கேட்டால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்தப் பில்களில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பெயிண்ட் வேலைக்கு. கொட்டகையில் கிடந்ததில் அது பொரிந்துவிட்டது. வாங்குகிறவன் அதைச் சுரண்டி எடுக்கக் கூலி கொடுக்க வேண்டும். செலவு செய்தது உண்மை. மதிப்பு இல்லை என்பதும் உண்மை.

இது நம் பகுதிக்குப் புதிதல்ல. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் சேர்த்த பட்டாசையும் சரவெடியையும் தடை செய்தபோது, சரவெடி பின்னி அடுக்கி வைத்திருந்தவர்களுக்குக் காகிதம், திரி, மருந்து, கூலி எல்லாமே கைக்காசுதான். அதற்காக அந்தச் சரக்குக்குச் சந்தை விலை வந்துவிடவில்லை. போட்ட பணம் வேறு, பெறும் விலை வேறு. பாதியில் நின்ற சரக்கில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம்.

அப்படியானால் என்ன கணக்கு? பின்னாலிருந்து வரவேண்டும்.

முதலில், இந்த வண்டி முழுதாக முடிந்து ஓடினால் என்ன விலைக்குப் போகும்? விளம்பரத்தில் கேட்கும் விலை இல்லை, உண்மையில் கைமாறிய விலை. நம் ஊரில் பட்டாசு விலைப் பட்டியலில் அச்சடித்த விலைக்கு எண்பது சதவீதம் தள்ளுபடி போடுகிறோமே, யாராவது அச்சடித்த விலையை விலை என்று நம்புகிறோமா? பழைய காரும் அப்படித்தான். மதுரையிலும் கோவையிலும் வாங்கியவர்களிடமே விசாரித்ததில், நல்ல நிலையில் முடித்த வண்டி ஏழு லட்சம் என்று தெரிந்தது.

அடுத்து, முடிக்க என்ன ஆகும்? இதற்கு வண்டியைப் பார்க்க வேண்டும். விருதுநகர் மார்க்கெட்டில் மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி எடுக்காமல் யாரும் பருப்புக்கு விலை சொல்வதில்லை. காருக்குக் குத்தூசி ஒரு காந்தம். துணியில் சுற்றி உடம்பெல்லாம் நகர்த்த வேண்டும். தகடு உள்ள இடத்தில் ஒட்டும். துருவை மறைத்துப் பட்டி அப்பிய இடத்தில் ஒட்டாது. லாரிக்குச் சேஸிஸ் தனி, உடம்பு தனி. கான்டெஸாவுக்கு உடம்பேதான் சேஸிஸ். அதனால் கதவின் அடிப்பட்டையிலும் தரையிலும் துரு இருந்தால் அது அழகுக் குறை அல்ல, எலும்பு முறிவு. நம் ஊர் வறண்ட ஊர், கடற்கரை வண்டி அளவுக்குத் துரு இருக்காது என்று நினைத்தேன். இடது அடிப்பட்டையில் இரண்டு அடி நீளத்துக்குக் காந்தம் ஒட்டவில்லை. அண்ணாச்சிக்கே அது தெரியாது.

அதே கொட்டகையில், காலண்டர் கட்டுகளுக்குப் பின்னால், ஒரு மரப்பெட்டி இருந்தது. பிரிக்காத முன் கண்ணாடி, புது கிரில், பின் விளக்கு ஒரு ஜோடி. இன்ஜின் சாமான் எப்படியாவது கிடைத்துவிடும். இந்த உடம்புச் சாமானுக்குத்தான் சென்னை புதுப்பேட்டையில் கடை கடையாக ஏற வேண்டும். அண்ணாச்சி அப்படி ஒரு பெட்டி வைத்ததையே மறந்திருந்தார். தோழன் என் காதருகே வந்து, "மாப்ளே, பெட்டியைப் பத்தி இப்பப் பேச வேண்டாம். வண்டியோட சேந்து வந்துரும்" என்றான்.

அவன் கெட்டவன் அல்ல. வியாபாரத்தில் அது சகஜம். ஒரு நிமிடம் நானும் பேசாமல்தான் நின்றேன். பிறகு தோன்றியது: துருவை இவனுக்குச் சொல்லப்போகிறேன், பெட்டியை அவருக்குச் சொல்ல மாட்டேன் என்றால், நான் போடுவது விலை அல்ல. இரண்டையும் இருவர் முன்னாலும் சொன்னேன். தோழன் அன்று மாலை வரை என்னிடம் முகம் கொடுக்கவில்லை.

பிறகு காகிதம். தனியார் காருக்குப் பதிவு முதலில் பதினைந்து ஆண்டு, அதன்பின் ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இந்த வண்டியின் ஆர்.சி. 2022-லேயே காலாவதி. 2025 ஆகஸ்டில் இருபது ஆண்டு தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணமே பத்தாயிரம் ஆக்கப்பட்டது. 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிக்குத்தான். இதற்கு 2042 வரை காத்திருக்க வேண்டும். சேஸிஸ் நம்பரும் ஆர்.சி.யும் ஒத்துப் போகிறதா என்று பார்த்தேன், ஒத்துப் போனது. போகாவிட்டால் அது கார் அல்ல, பழைய இரும்பு.

தாளில் எழுதினேன். டிங்கர், பெயிண்ட் ஒன்றரை லட்சம். இன்ஜின், கியர்பாக்ஸ் அறுபதாயிரம். பிரேக், சஸ்பென்ஷன், டயர், வயரிங் எண்பதாயிரம். சீட், பீடிங் அறுபதாயிரம். காகிதமும் லாரி வாடகையும் இருபதாயிரம். ஆக மொத்தம் மூன்று லட்சத்து எழுபதாயிரம். பெட்டி இருந்ததால்தான் இது. இல்லாவிட்டால் இன்னும் ஏறியிருக்கும். கண்ணுக்குத் தெரியாததற்கு முப்பது சதவீதம், ஒரு லட்சத்துப் பதினோராயிரம். இவற்றை ஏழு லட்சத்தில் கழித்தால் மிஞ்சுவது இரண்டு லட்சத்துப் பத்தொன்பதாயிரம். அதற்கு மேல் கொடுத்தால் வாங்குகிறவனுக்கு நஷ்டம். இது உச்சி.

அடியும் ஒன்று உண்டு. வண்டியைப் பிரித்துச் சாமான் சாமானாக விற்றால் என்ன வரும்? ஒரு லட்சத்து முப்பதாயிரம். அதற்குக் கீழே போனால் விற்கிறவருக்கு நஷ்டம். நியாய விலை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க முடியும். ஒரு வருட உழைப்பு வாங்குகிறவன் தலையில் என்பதையும் சேர்த்து, ஒன்று எழுபத்தைந்து என்றேன்.

அண்ணாச்சி வெகுநேரம் பேசவில்லை. "ஏழு வருசம் இதுக்குள்ள கிடந்திருக்கேன் தம்பி. அதுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்றார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த ஏழு வருடத்தை அவர் ஏற்கெனவே அனுபவித்துவிட்டார், அதை இன்னொருவனிடம் வசூலிக்க முடியாது என்பது கணக்கு. அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.

வேறொன்று சொன்னேன். "அண்ணாச்சி, அந்த முப்பது சதவீதம் எங்க பயத்துக்குப் போட்டது. பயத்தைக் குறைச்சா விலை ஏறும்." மறுநாள் மெக்கானிக்கை வரவழைத்து இன்ஜின் ஹெட்டைக் கழற்றிக் காட்டச் சொன்னார். சிலிண்டர் சுத்தம், கிராங்க் கையால் சுற்றியது. இரண்டாயிரம் ரூபாய் கூலியில் எங்கள் சந்தேகத்தில் பாதி போயிற்று. தோழனே வாய் திறந்து "இரண்டு லட்சம் தர்றேன் அண்ணாச்சி" என்றான். அந்த விலைக்கே முடிந்தது.

படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை ஏன் சொல்கிறேன்? நாளைக்கு நீங்களும் பாதியில் நின்ற மெஷினுக்கும், பாதியில் நின்ற கட்டடத்துக்கும், பாதியில் நின்ற தொழிலுக்கும் விலை சொல்ல வேண்டியிருக்கும். எவ்வளவு போட்டார்கள் என்று கேட்காதீர்கள். முடிக்க எவ்வளவு என்று கேளுங்கள். விற்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் பெயர் எழுதிப் பையில் போட்டு வையுங்கள், காகிதத்தைக் காலாவதியாக விடாதீர்கள். எந்த இடத்தில் இருந்தாலும், உங்களுக்குத் தெரிந்ததை இரண்டு பக்கமும் சொல்லுங்கள்.

வண்டி இப்போது மதுரையில் டிங்கர் கடையில் நிற்கிறது. முடிந்ததும் முதலில் சிவகாசிக்குத்தான் ஓட்டிவர வேண்டும் என்று அண்ணாச்சி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். அதற்கு நான் விலை எதுவும் போடவில்லை.